மாஸ்க் வாங்க வேண்டாம் தம்பி, சங்கிலி கேளுங்கள்

கேள்வி: சார், எனக்கு வயது 26. டிப்ளமோ முடித்துவிட்டு, ஓ.எம்.ஆரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் எஸ்.டி.பி (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம்) ஆபரேட்டராக இரண்டு வருடமாக இருக்கிறேன். சம்பளம் கான்ட்ராக்டர் மூலமாக வருகிறது. பிளான்ட் பேஸ்மென்ட்டில் இருக்கிறது. கலெக்‌ஷன் டேங்க் (கழிவுநீர் முதலில் வந்து சேரும் தொட்டி) பம்ப் அடிக்கடி அடைத்துக்கொள்ளும். போன மாதம் என்கூட வேலை பார்க்கும் சீனியர் அண்ணன் உள்ளே இறங்கி பம்பைத் தூக்கினார். மேலே வந்ததும் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். இரண்டு நாள் கண் எரிச்சல் வேறு. இப்போது மறுபடி அடைப்பு. இந்த முறை என்னை இறங்கச் சொல்கிறார் மேனேஜர். "பத்து நிமிஷ வேலை, மூடியைத் திறந்து வைத்துவிட்டு இறங்கு" என்கிறார். ஆன்லைனில் 1,500 ரூபாய்க்கு ஒரு நல்ல மாஸ்க் பார்த்தேன். கைக்காசில் வாங்கலாம் என்று இருக்கிறேன். எந்த மாஸ்க் சரியாக இருக்கும்? முடியாது என்று சொன்னால் வேலை போய்விடுமோ என்று பயமாகவும் இருக்கிறது. (பெயர் வேண்டாம், சென்னை)

பதில்:

தம்பி, முதலில் ஒரு வார்த்தை. இந்தப் பதிலைப் படித்து முடிக்கும் வரை அந்தத் தொட்டியில் இறங்க வேண்டாம். மேனேஜர் அவசரப்படுத்தினால், உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்து உட்கார்ந்து படியுங்கள்.

நீங்கள் கேட்ட மாஸ்க்கைப் பற்றி. 1,500 ரூபாய் மாஸ்க் மட்டுமல்ல, 15,000 ரூபாய் மாஸ்க்காக இருந்தாலும், இரண்டு பக்கமும் டப்பா மாட்டிய வடிகட்டி மாஸ்க் எதுவும் அந்தத் தொட்டிக்குள் உங்களைக் காப்பாற்றாது. அந்த டப்பாவால் காற்றை வடிகட்டத்தான் முடியும், காற்றைத் தர முடியாது. நாம் சாதாரணமாகச் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். அது 19.5-க்குக் கீழே போனாலே அந்த இடத்தை ஆபத்தான இடம் என்று கணக்கில் வைப்போம். மூடிய கழிவுநீர்த் தொட்டியில் பாக்டீரியா ஆக்சிஜனைத் தின்று தீர்த்திருக்கும். மீத்தேனும் கார்பன் டை ஆக்சைடும் அதன் இடத்தைப் பிடித்திருக்கும். இல்லாத ஆக்சிஜனை எந்த மாஸ்க் வடிகட்டித் தரும்? முதுகில் சிலிண்டர் மாட்டிக்கொண்டு தீயணைப்பு வீரர்கள் போவார்களே, அந்தக் கருவி வேண்டும். இல்லாவிட்டால் வெளியிலிருந்து குழாய் வழியாகச் சுத்தமான காற்று வர வேண்டும். இரண்டையும் பயிற்சி இல்லாமல் மாட்டிக்கொண்டு இறங்கக் கூடாது.

அடுத்தது, உங்கள் அண்ணனைத் தாக்கியது என்ன என்பது. அது பெரும்பாலும் ஹைட்ரஜன் சல்பைடாகத்தான் இருக்கும். தலைசுற்றலும் கண் எரிச்சலும் சேர்ந்து வந்தால் அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அவரை உடனே ஒரு மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள், என்ன நடந்தது என்று விவரமாகச் சொல்லச் சொல்லுங்கள். இந்த வாயு பலமாகத் தாக்கினால், சில மணி நேரமோ ஒன்றிரண்டு நாளோ கழித்துக்கூட நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். ஒரு மாதம் ஆகிவிட்டதால் அந்தக் கண்டம் தாண்டியிருக்கும். ஆனாலும் இருமலோ மூச்சு வாங்குவதோ இன்னும் இருந்தால் சும்மா விடக் கூடாது.

அழுகிய முட்டை வாடை என்று படித்திருப்பீர்கள். ஒரு பி.பி.எம்-க்கும் குறைவாக, அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லாதபோதே மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். அதனாலேயே பலருக்கு ஒரு தப்பான தைரியம் வந்துவிடுகிறது, 'நாற்றம் வந்தால் ஏறிவிடலாம்' என்று. அந்த அளவு 100 பி.பி.எம் பக்கம் போனதும் மூக்கு மரத்துப்போகிறது. நாற்றமே தெரியாது. உள்ளே இருப்பவர் 'இப்போ வாடை இல்லைண்ணே' என்று சொல்வார். அதுதான் மிக மோசமான நேரம். 700, 1,000 என்று போனால் இரண்டு மூச்சில் ஆள் விழுந்துவிடுவார், கத்தக்கூட நேரம் இருக்காது. 100 பி.பி.எம் இருந்தாலே உயிருக்கு உடனடி ஆபத்து என்பது இன்று பாதுகாப்புத் துறையில் வைத்திருக்கும் கணக்கு.

உங்கள் பிளான்ட்டில் இந்த வாயு நடமாடுகிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய அடையாளம் உண்டு. பேனல் போர்டில் காப்பர் ஒயரின் நுனியைப் பாருங்கள், கரி பிடித்த மாதிரி கறுத்திருக்கும். வெள்ளி மோதிரமோ அரைஞாணோ போட்டிருந்தால், இந்த வேலைக்கு வந்த பிறகு அது கறுத்துப்போயிருக்கும். வியர்வை என்று நினைத்திருப்பீர்கள். நான் புதிதாக ஒரு பிளான்ட்டுக்குப் போனால் லாக் புக்கைப் பார்ப்பதற்கு முன்பு ஆபரேட்டரின் கைவிரலைத்தான் பார்ப்பேன்.

மேனேஜர் சொன்ன 'மூடியைத் திறந்து வைத்துவிட்டு இறங்கு' என்பதற்கு வருகிறேன். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார், தெரியாமல்தான் சொல்கிறார். ஆனால் நாம் பிணம் தூக்கிய பல தொட்டிகளின் மூடி திறந்துதான் இருந்தது. இந்த வாயு காற்றைவிடக் கனமானது. மூடியைத் திறந்தால் தானாக மேலே எழுந்து போகாது, அடியிலேயே கிடக்கும். உங்கள் பிளான்ட் பேஸ்மென்ட்டில் இருக்கிறது. தொட்டிக்கு வெளியே வந்தாலும் அந்த வாயு பேஸ்மென்ட் தரையில்தான் சுற்றிக்கொண்டிருக்கும். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடவில்லை என்றால் மூடி திறப்பதே அபாயம்.

இன்னொன்று. சேற்றுக்குள் வாயு சோடா பாட்டிலில் இருப்பது போல அடங்கிக் கிடக்கும். மேலே நின்று அளந்தால் ஒன்றுமே காட்டாது. இறங்கி, காலால் சேற்றைக் கலக்கி, பம்பை அசைத்ததும் பொங்கி வரும். 'காலையில்தான் செக் பண்ணினோம், நல்லாத்தான் இருந்தது' என்று விபத்துக்குப் பிறகு எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பொய் சொல்லவில்லை அவர்கள். காலையில் நன்றாகத்தான் இருந்திருக்கும். சிலர் தீக்குச்சி கிழித்துப் பார்ப்பார்கள், விளக்கை இறக்கிப் பார்ப்பார்கள். அதைச் செய்யவே கூடாது. விளக்கு அணையாமல் எரிவதால் ஹைட்ரஜன் சல்பைடு இல்லை என்று ஆகாது. காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால் அந்தத் தீக்குச்சியே வெடிக்க வைத்துவிடும்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். இருபது வருடத்துக்கு முன்பு, ஈரோடு பக்கம் ஒரு சாயப்பட்டறைச் சுத்திகரிப்பு நிலையத்தில் இளநிலைப் பொறியாளராக இருந்தேன். ஸ்லட்ஜ் சம்ப், அதாவது கழிவுச் சேறு சேரும் குழி, ஆறடி ஆழம்தான். உள்ளே கணுக்கால் அளவுக்குச் சேறு. 22-ஆம் நம்பர் ஸ்பேனர் ஒன்று கை தவறி உள்ளே விழுந்துவிட்டது. ஹெல்பர் ஒருவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏணியில் இறங்கினார். ஸ்பேனரை எடுக்கக் குனிந்தவர் அப்படியே உட்கார்ந்தார், பிறகு சாய்ந்தார். வழுக்கிவிட்டார் என்றுதான் நினைத்தோம். பக்கத்தில் நின்றவர் அவரும் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுக் குதித்தார். நான் ஏணியில் ஒரு காலை வைத்துவிட்டேன். வயதான ஃபிட்டர் ஒருவர் பின்னாலிருந்து என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துத் தரையில் தள்ளினார். "நீ செத்தா யார்றா தூக்குறது" என்று கத்தினார். தீயணைப்பு வண்டி வரும் வரை மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். பார்த்துக்கொண்டு மட்டும்தான் இருந்தோம். முதலாமவர் பிழைக்கவில்லை. இரண்டாமவர் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தார். இரண்டு ஜோடி செருப்பும் மறுநாள் வரை சம்ப் ஓரத்திலேயே கிடந்தன, எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை.

அமெரிக்காவில் தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சிக்கென்றே உள்ள நியோஷ் என்ற அரசு நிறுவனம் 1986-ல் ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. மூடிய இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்கள் என்று அதில் இருக்கிறது. நம் ஊரில் ஒரே தொட்டியில் இரண்டு பேர், மூன்று பேர், சில சமயம் அப்பாவும் மகனும் என்று செய்தி வருவது ஏன் என்பதற்கு இதுதான் காரணம். ஆகவே இதை உங்கள் ஷிஃப்டில் எல்லோரிடமும் இன்றே சொல்லிவையுங்கள். யாராவது உள்ளே விழுந்தால் நாம் இறங்கக் கூடாது. 108-க்கும் 101-க்கும் போன் போட வேண்டும், தொட்டிக்குள் ஆள் விழுந்திருக்கிறார், விஷவாயு என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் மூச்சுக் கருவியோடு வருவார்கள். அதற்குள் ஃபேன் இருந்தால் நல்ல காற்றை உள்ளே அடிக்கலாம். மனசு கேட்காது, தெரியும். எனக்கும் கேட்கவில்லை, காலரைப் பிடித்து இழுக்க ஒருவர் இருந்தார்.

சரி, இப்போது பம்புக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் நான் நின்று படித்த இடம் 'உள்ளே இறங்கி பம்பைத் தூக்கினார்' என்பது. தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் சப்மெர்சிபிள் பம்பைத் தூக்க ஆள் ஏன் இறங்க வேண்டும்? ஒழுங்காக அமைத்த பிளான்ட்டில் பம்ப் நேராக ஏறி இறங்க இரண்டு கைடு பைப் இருக்கும், கைப்பிடியில் சங்கிலி இருக்கும், அந்தச் சங்கிலியின் மறுமுனை தொட்டியின் வாய் ஓரத்தில் கொக்கியில் மாட்டியிருக்கும். மேலே சீலிங் பீமில் ஒரு செயின் பிளாக், அதாவது பாரம் தூக்கும் சங்கிலிக் கப்பி. சங்கிலியை மாட்டி இழுத்தால் பம்ப் டெலிவரி லைனிலிருந்து தானாகக் கழன்று மேலே வரும். அடைப்பை எடுத்துவிட்டு இறக்கினால் தானாகப் போய் உட்காரும். உங்கள் தொட்டியில் இது இல்லை, அல்லது சங்கிலி துருப்பிடித்து அறுந்துபோய் யாரும் மாற்றவில்லை. கட்டும்போது பில்டர் மிச்சம் பிடித்த சில ஆயிரம் ரூபாய்க்கு உங்கள் அண்ணன் மூச்சைப் பணயம் வைத்திருக்கிறார். எனக்கு இதில் வருத்தத்தைவிடக் கோபம்தான் அதிகம்.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது இதுதான்: துருப்பிடிக்காத எஸ்.எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) சங்கிலி, கைடு பைப், செயின் பிளாக். இதைப் பொருத்துவதற்கும் இப்போதைய அடைப்பை எடுப்பதற்கும் தொட்டியைக் காலி செய்யத்தானே வேண்டும்? ஸ்டாண்ட்பை பம்ப், அதாவது மாற்றுக்கு வைத்திருக்கும் பம்ப், ஓடினால் அதை ஓட்டித் தண்ணீர் மட்டத்தை இறக்குங்கள். இல்லையென்றால் கழிவுநீர் உறிஞ்சும் லாரியைக் கூப்பிடச் சொல்லுங்கள், மேலிருந்தே குழாய் விட்டு உறிஞ்சுவார்கள். பிறகு நீளமான கொக்கிக் கம்பியால் பம்ப் கைப்பிடியைப் பிடித்து மேலிருந்தே தூக்கப் பாருங்கள். பெரும்பாலும் வந்துவிடும். கைடு பைப் பொருத்துவதற்கு ஆள் இறங்கியே ஆக வேண்டும் என்றால் அது உங்கள் வேலை இல்லை. அதற்கென்று பயிற்சி பெற்ற குழு வர வேண்டும். அவர்கள் தொட்டியைக் கழுவி, ப்ளோயரால் காற்றடித்து, நான்கு வாயு காட்டும் டிடெக்டரைக் கயிற்றில் கட்டி மேல், நடு, அடி என்று மூன்று மட்டத்திலும் அளப்பார்கள். முதலில் ஆக்சிஜன், பிறகு எரியும் வாயு, பிறகு விஷவாயு. இறங்கும் ஆள் மேல் டிடெக்டர் சத்தம் போடத் தயாராக இருக்க வேண்டும். உடம்பில் முழு ஹார்னஸ் (பாதுகாப்பு வார்), கயிறு மேலே தொட்டி வாயில் நிறுத்திய மூன்று கால் தாங்கியில், அதைப் பிடித்தபடி இரண்டு பேர். உள்ளே இருப்பவர் மயங்கினால் யாரும் இறங்காமலே தூக்கிவிட முடிய வேண்டும். இவ்வளவும் இல்லாமல் 'நாங்க பார்த்துக்கறோம்' என்று வரும் குழுவையும் திருப்பி அனுப்புங்கள்.

பம்பைத் தூக்கும்போது மின்சாரத்தை மறந்துவிடாதீர்கள். ஸ்விட்சை ஆஃப் செய்தால் போதாது. ஃப்ளோட் ஸ்விட்ச் தண்ணீர் மட்டம் ஏறியதும் பம்பைத் தானாக ஓட விடும், இம்பெல்லரில் (பம்பின் சுழலும் இறக்கையில்) உங்கள் விரல் இருக்கும். எம்.சி.பி-யை (பேனலில் உள்ள மெயின் பிரேக்கர்) இறக்கி, பேனலைப் பூட்டி, சாவியை உங்கள் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள். ஈரக் கையும் ஈரத் தரையும் உள்ள இடம் என்பதால் மின்கசிவு 30 மில்லி ஆம்பியரைத் தொட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி இருக்கிறதா என்றும் பாருங்கள், அதன் டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள்.

அடைப்பு ஏன் அடிக்கடி வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். குப்பையைத் தடுக்கும் கம்பிச் சல்லடையான பார் ஸ்க்ரீனில் கம்பி வளைந்து இடைவெளி விட்டிருக்கலாம். ஷிஃப்டுக்கு ஒரு முறை நீளக் கைப்பிடி வைத்த ரேக்கால் வாரிவிட்டால் பம்புக்குத் துணி போகாது. நாப்கின், ஈரத் துடைப்பான், தரை துடைக்கும் துணி ஆகியவற்றைக் கழிப்பறையில் போடக் கூடாது என்று அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்லுங்கள். அடைப்பிலிருந்து எடுத்ததை ஒரு போட்டோ எடுத்து அனுப்பினால் புரியும். அப்புறம், கரண்ட் பில்லைக் குறைக்க தொட்டிக்குக் காற்று ஊதும் ப்ளோயரை ராத்திரி நிறுத்தச் சொல்கிறார்களா? பல குடியிருப்புகளில் இது நடக்கிறது. காற்று நின்ற சில மணி நேரத்தில் தண்ணீர் அழுகத் தொடங்கும், காலையில் ப்ளோயர் போட்டதும் சேர்ந்திருந்த வாயு மொத்தமும் பேஸ்மென்ட்டில் கிளம்பும். விடிகாலை ஷிஃப்டுக்கு வருபவருக்குத் தலைவலி வருகிறதென்றால் அது காரணமாக இருக்கலாம்.

வேலை போய்விடுமோ என்ற பயம். அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது, அது மேனேஜருக்குத் தெரிந்தால் அவரே பின்வாங்குவார். 2013-ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடை செய்யும் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, சாக்கடையிலோ மலக்குழியிலோ உரிய பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவதைத் தடுக்கிறது. முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அடுத்த முறை ஐந்து ஆண்டு, ஐந்து லட்சம். குடியிருப்பு எஸ்.டி.பி தொட்டிகளில் நடந்த மரணங்களுக்கும் இந்தச் சட்டத்தில் வழக்கு பதிவாகியிருக்கிறது. 2014-ல் உச்ச நீதிமன்றம் பத்து லட்சம் என்று வைத்த இழப்பீட்டை 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியது. மூடிய தொட்டிக்குள் ஆளை இறக்க எழுத்துபூர்வமான சான்று வேண்டும், இல்லையென்றால் மூச்சுக் கருவியும் வெளியே ஒருவர் பிடித்த கயிறும் வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-ஆம் பிரிவே எழுதிவைத்தது. புதிதாக யாரும் கண்டுபிடித்த விதி இல்லை.

நேருக்கு நேர் 'முடியாது' என்பதைவிட எழுதி அனுப்புவது பலன் தரும். மேனேஜர், கான்ட்ராக்டர் இருவருக்கும் ஒரே செய்தியாக, மரியாதையாக, இப்படி எழுதுங்கள்: "சார், கலெக்‌ஷன் டேங்க் பம்ப் அடைத்துள்ளது. சென்ற மாதம் உள்ளே இறங்கியவருக்குத் தலைசுற்றல் ஏற்பட்டது. டேங்கில் விஷவாயு உள்ளது என்று அஞ்சுகிறேன். உரிய பாதுகாப்பு இல்லாமல் ஆள் இறங்குவது சட்டப்படி தடை. லாரி மூலம் காலி செய்து பம்பை மேலிருந்து தூக்கவும், நிரந்தரமாகச் சங்கிலி, கைடு பைப் பொருத்தவும் ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன். அதுவரை ஸ்டாண்ட்பை பம்பில் பிளான்ட்டை நான் ஓட்டிக்கொள்கிறேன்." கடைசி வரி முக்கியம், நீங்கள் வேலையை மறுக்கவில்லை என்பது அதில் இருக்கிறது. ஸ்டாண்ட்பை ஓடவில்லை என்றால், லாரி வரும் வரை மட்டத்தைப் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதுங்கள். லாக் புக்கிலும் தேதியோடு ஒரு வரி எழுதுங்கள். அசோசியேஷன் செயலாளருக்கு ஒரு பிரதி போனால் இன்னும் நல்லது. வீடு வைத்திருப்பவர்கள் கெட்டவர்கள் இல்லை, தங்கள் காலுக்குக் கீழே என்ன நடக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். நீங்கள் மறுத்ததும், வெளியிலிருந்து 1,000 ரூபாய்க்கு ஒரு ஆளைக் கூட்டிவருவார்கள். அவர் பெரும்பாலும் மறுக்க முடியாதவராக இருப்பார், முன்பும் இறங்கியவராக இருப்பார், 'எனக்குப் பழக்கம்தான் தம்பி' என்பார். இந்த வாயுவுக்கு யாரும் பழகுவதில்லை. மூடியைத் திறக்காதீர்கள், சாவியைக் கொடுக்காதீர்கள், அவரிடமும் விஷயத்தைச் சொல்லுங்கள். சாக்கடை, மலக்குழி மரணங்களில் 1993-க்குப் பிறகான தேசியக் கணக்கில் தமிழ்நாடு முன்வரிசையில் நிற்கிறது. அந்தக் கணக்கில் இருப்பவர்களில் பலர் இப்படிக் கடைசி நேரத்தில் கூப்பிடப்பட்டவர்கள்தான்.

தொட்டி தவிர மற்றவை சுருக்கமாக. ஹைப்போ (கிருமிநீக்கக் குளோரின் கரைசல்) கேனும் ஆசிட் கேனும் ஒரே நீல நிறத்தில்தான் வரும். இரண்டையும் பக்கத்தில் வைக்காதீர்கள், ஒரே மக்கால் மொள்ளாதீர்கள். கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், பேஸ்மென்ட்டில் ஓட இடம் இருக்காது. காற்று ஊதும் ஏரேஷன் டேங்க் ஓரத்தில் கைப்பிடிக் கம்பி ஆடினால் உடனே வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள். குமிழி பொங்கும் தண்ணீரில் மிதப்பது கஷ்டம், நீச்சல் தெரியும் என்பதை நம்ப வேண்டாம். ராத்திரி ஷிஃப்டில் தனியாக இருந்தால், மணிக்கு ஒரு முறை செக்யூரிட்டிக்குப் போன் செய்வது என்று பழக்கம் வையுங்கள், உங்கள் போன் வராவிட்டால் அவர் தேட வேண்டும். தொட்டிச் சுவர் ஓரமாகப் படுக்கவே கூடாது. 2015 ஜனவரியில் ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சேறு பாய்ந்து பத்துப் பேர் இறந்தார்கள்.

காய்ச்சல் வந்தால் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகாதீர்கள். மருத்துவரிடம் 'நான் கழிவுநீர் பிளான்ட்டில் வேலை பார்க்கிறேன்' என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். சொன்னால்தான் எலிக்காய்ச்சலா என்று பார்ப்பார், சொல்லாவிட்டால் வைரஸ் காய்ச்சல் என்று அனுப்பிவிடுவார். காலில் சின்ன வெட்டு இருந்தாலும் பிளாஸ்டர் போட்டு பூட்ஸ் மாட்டுங்கள். டெட்டனஸ், ஹெபடைடிஸ் ஏ, டைபாய்டு ஊசிகள் போட்டிருக்கிறதா என்று கேட்டு, இல்லையென்றால் போட்டுக்கொள்ளுங்கள். அந்தச் செலவைக் கான்ட்ராக்டரிடம் கேளுங்கள். உங்கள் 1,500 ரூபாய் உங்களிடமே இருக்கட்டும்.